வகுப்பு வாசலில் ஆள் வந்து நின்றால்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நீங்கள் எல்லாரும் பி.எட். முடித்து, தேர்வு எழுதி, தேறி வந்திருக்கிறீர்கள். பாடத்திட்டம் எழுதுவது, மெல்லக் கற்கும் பையனை எப்படி அணுகுவது, செயல்வழிக் கற்றல் என்றால் என்ன, இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை பார்க்கப் போகிறீர்கள். என்றைக்காவது ஒரு மத்தியானம், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, வகுப்பு வாசலில் ஓர் ஆள் வந்து நின்று ஒரு பையன் பேரைச் சொல்லிக் கேட்பார். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அந்த ஆள் பெரும்பாலும் சமூக அறிவியல் பீரியடில்தான் வருவார். இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. கால அட்டவணை போடுகிறவர்கள் கணக்கு, ஆங்கிலம், அறிவியல் மூன்றையும் காலையிலேயே பங்கு போட்டுக்கொள்வார்கள். பையன்களின் மூளை வாடிப்போன பிறகு, சத்துணவு வயிற்றில் கனக்கும் நேரத்தில், மீந்ததை எடுத்துக்கொள் என்று நம்மிடம் தள்ளிவிடுவார்கள். இரண்டு மணிக்குத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதும். களைத்தவன் போவதும் புதிதாக வந்தவன் மெஷினில் கை வைப்பதும் அந்த நேரத்தில்தான். கெட்ட செய்தியும் அதற்குப் பிறகுதான் கிளம்பி வரும். அப்போது வகுப்பில் நிற்பது யார்? நாம்தான்.

நான் வேலை பார்த்தது ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் உதவிபெறும் நடுநிலைப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டு. நெல் நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பையன்களும் இருந்தார்கள், அந்த நிலத்தில் ஒரு காலத்தில் நாற்று நட்டு இப்போது கம்பெனிக்குப் போகிறவர்களின் பையன்களும் இருந்தார்கள். எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துச் சண்டை போட வைத்தவள் நான். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் குரல் பக்கத்து வகுப்பு வரைக்கும் போகும். பையன்கள் அதற்குப் பயந்ததே இல்லை. "டீச்சர் சுருதி சேக்கறாங்கடா" என்று கிண்டல் செய்வார்கள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ஊர் திருவள்ளூர்ப் பக்கம் என்றாலும் அங்கே போய்ப் பார்க்க யாரும் மிச்சம் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் ஒரு கட்டத்துக்குமேல் கேட்பதை விட்டுவிட்டார்கள். பள்ளியில் எனக்குப் பெயர் ‘சோசியல் டீச்சர்’. மளிகைக் கடையிலும் அதே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லாமல் பல வருஷம் ஓடியது. வங்கியில் டோக்கன் வந்து என் பெயரைச் சொல்லி அழைத்தால், வேறு யாரையோ என்று உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு ஏழாம் வகுப்பில் முகலாயர் பாடம். பையன்களுக்கு அந்தப் பாடம் பிடிக்கும். யானை, பீரங்கி, தாடி எல்லாம் வரும். "யானைக்கு யாரு டீச்சர் தீனி போடுவாங்கோ? சண்டை நடக்கறப்போ சாணி போட்டா?" என்று ஒருவன் கேட்பான். பாதி நேரம் அதிலேயே போகும். அன்று நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு பாதுஷா படிக்கட்டில் தடுக்கி விழுந்த கதை. விழுந்தார், பலமாக அடிபட்டது, சில நாளில் உயிர் போயிற்று. மகனுக்கு இந்தப் பையன்கள் வயசுதான், பதின்மூன்று. அவன் தூரத்தில் படையோடு இருந்தான். பாதுஷா இறந்ததை அரண்மனைப் பெரியவர்கள் வெளியே சொல்லவில்லை. அவர் சாயலில் இருந்த ஓர் ஆளுக்கு உடுப்பு மாட்டி, தூரத்திலிருந்து ஜனங்களுக்குக் காட்டினார்கள். இந்த இடத்தில் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஆயாம்மா வந்து வாசலில் நின்றார்.

"டீச்சர், ஹெச்.எம். சார் கூப்புடறாரு. ஒடனே வருவீங்களாம்."

போனேன். தலைமை ஆசிரியர் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி. கெட்டவர் இல்லை, பயந்தவர். எதையும் மேலே கேட்காமல் செய்யமாட்டார்.

"ஏழாவது சாமுவேல் இருக்கான் இல்ல டீச்சர், அவங்க அப்பாவுக்கு இரும்பு மில்லுல அடிபட்டுடுச்சாம். காய்ச்சின கம்பி லைனை விட்டு எகிறி வயித்துல பட்டுருக்கு. இங்க பக்கத்து ஆஸ்பத்திரியில பார்க்க முடியாதுன்னு சொல்லி மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்களாம். கான்ட்ராக்டரோட ஆள் பேசினான்."

"உயிர் இருக்கா சார்?"

"இருக்காம். பேசறாராம். ஆனா..." என்று நிறுத்தினார். "பையனை ஸ்கூல்லயே வெச்சிருக்கச் சொல்றாங்க. வண்டி அனுப்புவாங்களாம். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. எப்பவும் போலப் பாடம் நடத்துங்க. இப்ப சொல்லி அவன் மயங்கி கியங்கி விழுந்தா யாரு பொறுப்பு?"

"அவங்க அம்மாவுக்கு?"

"ஃபோன் எடுக்கலையாம். அந்தம்மா வேலை செய்யற கம்பெனியில ஃபோனை கேட்டுலயே வாங்கி வெச்சிடுவாங்க."

நான் வகுப்புக்குத் திரும்பினேன். அந்த வராந்தா அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சாமுவேல் மூன்றாவது பெஞ்சில் ஓரமாக இருந்தான். ஒல்லிப் பையன். காதுகள் மட்டும் பெரிசு. ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் காலனி வீடு. அவன் அப்பாவை ஒரு பெற்றோர் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். கான்ட்ராக்டில் ஹெல்ப்பராக இருப்பவர். நாற்காலி காலியாக இருந்தும் கூட்டம் முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

பாதுஷாவை அப்படியே விட்டுவிட்டு நிலவரிக்குத் தாவினேன். நிலத்தை எப்படி அளந்தார்கள், விளைச்சலில் எவ்வளவு வாங்கினார்கள் என்று போர்டில் எழுத ஆரம்பித்தேன். கை ஒழுங்காக எழுதியது. அந்தக் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. பையன்கள் விடவில்லை.

"டீச்சர், கதைய பாதில வுட்டுட்டீங்கோ!"

"அந்தப் பையன் இன்னா ஆனான் டீச்சர்?"

"நாளைக்குச் சொல்றேன். இதை எழுதுங்க."

சாமுவேல் எழுந்து நின்றான். கேள்வி கேட்க எழுந்து நிற்கிற பையன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே கத்துவார்கள்.

"டீச்சர், அந்தப் பையன்கிட்டயாவது சொன்னாங்களா?"

"லேட்டாத்தான் சொன்னாங்க."

"ஏன் டீச்சர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நிலக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் பின்னாலிருந்து பதில் சொன்னான். "ராஜா பூட்டாருன்னு தெரிஞ்சா எதிரிங்க வந்துடுவாங்க இல்ல? ராஜ்ஜியம் பூடும்டா!"

"அது பெரியவங்களுக்குடா," என்றான் சாமுவேல். "அவனுக்கு அவுரு நைனா தான?"

சொல்லிவிட்டு உட்கார்ந்து, நான் போர்டில் எழுதியதைப் பார்த்து எழுத ஆரம்பித்தான்.

தம்பிகளே, தங்கைகளே, வரலாறு எதற்குப் படிக்க வேண்டும் என்று எத்தனையோ கட்டுரைகளில் பத்துப் பத்தாகக் காரணம் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு காரணம் உண்மையாகவே புரிந்தது. ஒரு செய்தியை மறைக்கிறார்கள் என்றால், அது யாருக்காக என்று கேட்க வேண்டும். கான்ட்ராக்டர் ஆள் எதற்குப் பையனைப் பள்ளியிலேயே வைத்திருக்கச் சொல்கிறான்? காலனி ஜனங்கள் மில் கேட்டுக்கு வந்து நிற்கக் கூடாது. தலைமை ஆசிரியர் எதற்குப் பேசாதே என்கிறார்? ஓய்வு பெறும் வருஷத்தில் வம்பு வேண்டாம். நான் எதற்கு நிலவரி நடத்துகிறேன்? ஒரு பையன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை பேருக்கும் காரணம் இருந்தது. அந்தப் பையனுக்காக என்று ஒரு காரணம்கூட இல்லை. அவன் அப்பா பேசிக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரம் பேசுவார் என்று யாருக்கும் தெரியாது.

சாக்பீஸை வைத்தேன். "சாமுவேல், பையை எடுத்துக்கிட்டு வெளிய வா" என்றேன்.

இந்த ஊர்ப் பையன்களுக்கு விளக்கம் தேவையில்லை. பக்கத்தில் இருந்தவன் அவன் நோட்டையும் பேனாவையும் எடுத்துப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து, தோளில் மாட்டிவிட்டான். நாங்கள் வாசலைத் தாண்டும்போது எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். நிற்கச் சொன்னது நான் இல்லை.

வராந்தாவில் வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "உங்க அப்பாவுக்கு மில்லுல அடிபட்டிருக்கு. பெரிய அடி. மெட்ராசுக்குக் கொண்டு போயிருக்காங்க. ஃபோன்ல சொன்னப்ப பேசிட்டுத்தான் இருந்தாராம். நாம இப்ப போறோம்."

அவன் அழவில்லை. பெரிய காதுகள் மட்டும் சிவந்தன. "எங்கம்மா வரணும் டீச்சர்," என்றான்.

தலைமை ஆசிரியர் தடுத்துப் பார்த்தார். "வண்டி வருது டீச்சர், ரூல்ஸ் தெரியும் இல்ல உங்களுக்கு?" என்று கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். "வண்டி வந்தா நாங்க போயிட்டோம்னு சொல்லுங்க சார்," என்று ஆட்டோவில் ஏறினேன்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. நேராக ரயில் ஸ்டேஷனுக்குப் போனால் சீக்கிரம் போகலாம். அம்மாவை அழைக்கப் போனால் நேரம் போகும். அந்த நேரத்தில் மனுஷர் போய்விட்டால் இரண்டு பேருமே பார்க்க முடியாது. யாரிடமாவது கேட்கலாம் என்றால் ஆட்டோ டிரைவரைத் தவிர யாரும் இல்லை. பையனைப் பார்த்தேன். அவன் அம்மாவின் கம்பெனி இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். சரி, அங்கேயே போ என்றேன்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி மறித்தான். சின்ன வயசு.

"ஷிஃப்ட் முடியாம வெளிய அனுப்ப மாட்டாங்க மேடம். லைன் லீடர் ஓகே சொல்லணும். அவுரு மீட்டிங்ல கீறாரு."

நல்லபடியாகக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அப்புறம் எனக்கு வந்தது கோபம். சரக்கு ஏற்றிய ஒரு லாரி உள்ளே போகக் காத்திருந்தது. அதற்கு முன்னால் கேட்டுக்கு நடுவில் போய், கைப்பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பின்னால் இன்னொரு லாரி வந்து அதுவும் அடித்தது. "சத்தியாகிரகம் பாடம் நடத்தியே எனக்குத் தொண்டை வத்திப் போச்சு தம்பி, நான் எழுந்திரிக்க மாட்டேன்," என்றேன். உள்ளேயிருந்து டை கட்டிய ஒருவர் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் கொஞ்ச நேரத்தில் சாமுவேலின் அம்மா வந்தார். தலையில் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் தொப்பி. அதைக் கழற்றவே மறந்து, மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடிபட்டதை ஆட்டோவிலேயே சொல்லிவிட்டேன். ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் கேட்டார். "உண்மைய சொல்லுங்க டீச்சர். கீறாரா?"

"ஃபோன் பண்ணினப்ப இருந்தார்ம்மா. இப்ப எனக்குத் தெரியாது."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் நிற்கும்போது எனக்கு அதைப் பிடித்துத் தள்ளலாம் போல் இருந்தது. நான் தப்புச் செய்துவிட்டேனோ, நேராகப் போயிருக்க வேண்டுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. பக்கத்தில் இரண்டு பேர் இருந்தும் அந்த ரயிலில் நான் தனி ஆள்தான். முடிவு எடுத்தவள் நான் ஒருத்தி.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் இருந்தார்.

தள்ளுவண்டியில் ஓரமாகப் படுக்க வைத்திருந்தார்கள். மார்பிலிருந்து தொடை வரைக்கும் கட்டு. ஆபரேஷனுக்குக் கொண்டு போகக் காத்திருந்தார்கள். கான்ட்ராக்டரின் ஆள் என்னைப் பார்த்து, "யாரு உங்கள இவங்கள இட்டாரச் சொன்னது?" என்றான். நான் அவனைத் தாண்டிப் போனேன்.

மகனைப் பார்த்ததும் அந்த மனுஷர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இவன எதுக்கு இட்டாந்தீங்க? பயந்துக்குவான்," என்று மனைவியிடம் முணுமுணுத்தார். பார்க்க வேண்டும் என்று பையனுக்கு இருக்கும், பார்க்க வேண்டாம் என்று அப்பாவுக்கு இருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

சாமுவேல் போய் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். கட்டுப் போடாத இடம் அதுதான்.

"பயப்படல நைனா."

அப்புறம் முகம் மெல்லத் திரும்பியது.

"துன்னியா?"

"துன்னேன்."

"இன்னா போட்டாங்கோ?"

"சாம்பார் சாதம். முட்ட."

"முட்டையா," என்றார். அவருக்கு அது நல்ல செய்தி. "முழுசா குடுத்தாங்களா?"

"முழுசா குடுத்தாங்கோ நைனா."

அவ்வளவுதான் பேசினார்கள். நான் தூரத்துத் தூணுக்குப் பக்கம் தள்ளி நின்றுகொண்டேன். அது அவர்கள் குடும்பம். பிறகு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்ததும் நான் கிளம்பினேன். ரயிலில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தேன். இன்று இப்படி நடந்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கேஸ் ஏஜென்சி, வீட்டுக்காரர், பள்ளி அலுவலகம், தையல்காரர். ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. மாணவனை அனுமதியின்றிப் பள்ளி நேரத்தில் வெளியே அழைத்துச் சென்றதற்கு விளக்கம் கேட்டு. ‘ஆம், அழைத்துச் சென்றேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். நடவடிக்கை ஒன்றும் வரவில்லை. ஆனால் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றுபோனது. நான் உள்ளே நுழைந்தால் எல்லாருக்கும் திருத்த வேண்டிய பேப்பர் ஞாபகம் வந்துவிடும். என்னால் தங்களுக்கும் விசாரணை வருமோ என்று பயம். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கஷ்டமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டை ஏழாம் வகுப்பிலேயே, காலியான பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

சாமுவேல் அதற்குப் பிறகு என் வகுப்புக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவன் அம்மா டி.சி. வாங்க வந்தார். ஆந்திராவில் தடா தாண்டி அவர் பிறந்த ஊருக்கே போகிறார்களாம். அலுவலக வேலை முடிந்து என்னைத் தேடி வராந்தாவுக்கு வந்தார். நான் கேட்டுவிட்டேன். அதைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் இல்லாமல் இருந்தது.

"அவனை அன்னைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதாம்மா? அவருக்கே பிடிக்கலையே."

அந்த அம்மா டி.சி.யை மடித்துப் பைக்குள் வைத்தார். "பால்வாடிக்குப் போற சின்னது ஒண்ணு கீது டீச்சர் எனக்கு. அதுக்கு ஒண்ணுமே காட்டல. அவர தூக்கிக்கினு போறப்பகூட பக்கத்து ஊட்டுல வெச்சிட்டாங்க. அது சாயங்காலம் ஆனா வாசல்ல போய் ஒக்காந்துக்கும், நைனா வருவாருன்னு. எவ்ளோ சொன்னாலும் எழுந்திரிக்காது. பெரியவன் ஒக்கார மாட்டான். அவன்தான் போய் அத தூக்கிக்கினு வந்து சோறு ஊட்டறான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் செய்ததையே நீங்களும் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். உங்கள் வாசலில் வந்து நிற்கிற ஆள் வேறு, செய்தி வேறு, பையன் வேறு. சொல்வதா வேண்டாமா என்று அந்த நிமிஷத்தில் நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். யாருக்காக மறைக்கிறோம் என்று ஒரு தடவை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘பாவம், சின்னப் பையன்’ என்று நீங்களே பதில் சொல்லிக்கொண்டால், இன்னொரு தடவை கேளுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்த காலத்தில் விடுதியில் இருந்தேன். கடைசி வருஷப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது ஊரில் எங்கப்பா இறந்துபோனார். பெண் நன்றாக எழுதட்டும் என்று வார்டனும் சொந்தக்காரர்களும் கூடிப் பேசி மறைத்துவிட்டார்கள். நன்றாகத்தான் எழுதினேன், நல்ல மார்க். கடைசிப் பரீட்சை முடிந்து பெட்டியோடு வீட்டுக்குப் போனபோது அவருடைய கட்டிலைக்கூட எடுத்து வைத்துவிட்டிருந்தார்கள். எல்லாரும் என் நல்லதுக்குத்தான் செய்தார்கள். அது நடந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. சாயங்காலம் கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டால், நான் இன்னும் எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறேன்.